ரோபோ: உயர்திணையா, அஃறிணையா?

தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் திணை தெரிந்திருக்க வேண்டும். "ரோபோ வந்தது" என்றால் அஃறிணை. "எந்திரன் வந்தான்" என்றால் உயர்திணை, ஆண்பால். இரண்டும் சுட்டும் பொருள் ஒன்றே. இயந்திரத்துக்கு உணர்வு உண்டாகுமா என்ற கேள்வியை மெய்யியலாரும் மூளை ஆய்வாளரும் இன்னும் தீர்க்கவில்லை. நாமோ நாள்தோறும் வினைமுற்றின் ஈற்றில் அதற்கு ஒரு தீர்ப்பை எழுதிவிட்டு நகர்கிறோம்.

இந்தத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ரோபோ என்ற சொல் பிறந்த செக் மொழியிலும் அது உண்டு. அம்மொழியின் ஆண்பாற் பெயர்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டாகப் பிரியும். பன்மையில் வேறு வேறு ஈறு பெறும். இந்தச் சொல்லை முதன்முதலாக அச்சேற்றிய 1920ஆம் ஆண்டு நாடகம், தன் தலைப்பிலேயே ரோபோக்களுக்கு உயிருள்ளவற்றுக்குரிய ஈற்றைச் சூட்டியிருந்தது. இன்று செக் நாட்டுச் சமையலறைகளில் மாவு பிசையும் மின்கருவிக்கும் ரோபோ என்றே பெயர். அதைப் பன்மையில் சொல்லும்போது உயிரற்றவற்றின் ஈறு சேர்கிறது. ஒரே சொல் நூறாண்டுக்குள் இரண்டு திணையில் வாழ்ந்துவிட்டது.

இந்தச் சொல்லின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் ஒன்று விளங்கும். ஒன்றுக்கு உணர்வு உண்டா என்பதை மனிதர்கள் பெரும்பாலும் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. தமக்கு எது வசதியோ அதற்கேற்பப் பெயர் வைத்து முடிவு செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவின் காலத்தில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தம்பியின் நாடகம், அண்ணனின் சொல்

ரோபோ என்ற சொல்லை உண்டாக்கியவர் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் என்றே பலரும் எழுதுகிறார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 பிப்ரவரியில் ரோபோக்கள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தின் முகப்பும் அப்படித்தான் சொல்கிறது. உண்மை வேறு. நாடகம் தம்பி காரெலுடையது. சொல் அண்ணன் யோசப் சாப்பெக்குடையது. யோசப் ஓவியர்.

இதைக் காரெலே 1933இல் 'லிதோவே நொவினி' நாளிதழில் பதிவு செய்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்தச் சொல்லுக்கு எழுதிய குறிப்பைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் தமக்கு ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்ததாகக் காரெல் சொன்னார். செயற்கைத் தொழிலாளர்களை வைத்து நாடகம் எழுதும் எண்ணம் வந்ததும் அண்ணனிடம் ஓடியிருக்கிறார். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லபோரி' என்று பெயர் வைக்க நினைத்ததாகவும், அது ஏட்டுச் சொல்லாகத் தோன்றுவதாகவும் சொல்லியிருக்கிறார். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்த யோசப், அப்படியானால் ரோபோக்கள் என்று கூப்பிடு என்று முணுமுணுத்துவிட்டு வரைதலைத் தொடர்ந்தாராம்.

நாடகத்தின் பெயர் 'ஆர்.யூ.ஆர்.', 'ரோசமின் உலகப் பொது ரோபோக்கள்' என்பது அதன் விரிவு. ரோசம் என்ற குடும்பப் பெயரே செக் மொழியில் 'அறிவு' என்று பொருள்படும் சொல்லை ஒட்டி அமைத்தது. ரோபோக்களைச் செய்து விற்கும் ஆலையின் தலைமை இயக்குநர் பெயர் டொமின்; 'ஆண்டை' என்னும் பொருளுடைய லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. அறிவு படைக்கிறது, ஆண்டை விற்கிறான். பாத்திரப் பெயர்களிலேயே சாப்பெக் தம் கருத்தை வைத்துவிட்டார். 1921 ஜனவரி 25 அன்று பிராக் நகரின் தேசிய அரங்கில் நாடகம் மேடையேறியது. 1922இல் நியூயார்க்கிலும் 1923இல் லண்டனிலும் நடிக்கப்பட்டது. அதன் வழியே ரோபோ ஆங்கிலத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து உலக மொழிகள் பலவற்றுக்கும் சென்றது.

வேரில் இருப்பது வெட்டி

யோசப் அந்தச் சொல்லை வெறுங்காற்றிலிருந்து பிடிக்கவில்லை. செக் மொழியில் 'ரொபோத்தா' என்ற பழஞ்சொல் உண்டு. குடியானவர்கள் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை என்பது அதன் பொருள். நம் நாட்டில் இதற்கு நேரான சொல் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்கள் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்து வருகின்றன. பின்னாளில் வெட்டி என்பது 'பயனற்றது' என்று பொருள் மாறி, வெட்டிப் பேச்சு, வெட்டி வேலை என வழங்குகிறது. உழைத்தவனுக்குப் பயன் தராத வேலை, காலப்போக்கில் பயனே இல்லாத வேலையாகிவிட்டது.

இன்றைய செக் நாட்டின் பகுதியான பொகீமியாவில் ரொபோத்தா வெறும் அகராதிச் சொல்லாக இருந்ததில்லை. 1680இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பேரரசர் முதலாம் லியோபோல்ட் கிளர்ச்சியை அடக்கிவிட்டு, கட்டாய வேலை வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் போகக் கூடாது என ஆணையிட்டார். 1775இல் வடகிழக்குப் பொகீமியாவில் மீண்டும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. ஹ்லுமெட்ஸ் என்ற ஊரில் குடியானவர் கூட்டத்தைப் படை சிதறடித்தது. ஒரு முயற்சி படுதோல்வியில் முடிந்தால் ஹ்லுமெட்ஸ் குடியானவர் கதையாயிற்று என்று செக் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அதே ஆண்டில் அரசி மரியா தெரேசா கட்டாய வேலைக்கு வரம்பு கட்டிப் புதிய ஆணை பிறப்பித்தார். 1848 புரட்சிக்குப் பிறகே ரொபோத்தா சட்டப்படி ஒழிந்தது. சாப்பெக் சகோதரர்கள் பிறந்தது அதே வடகிழக்குப் பொகீமியாவில். யோசப் 1887இல், காரெல் 1890இல். அவர்கள் தாத்தாக்களின் தலைமுறைக்கு ரொபோத்தா நேரில் கண்ட செய்தி.

இன்னும் ஆழத்தில் தோண்டினால் ரொபோத்தாவின் அடியில் 'அடிமை' என்னும் பொருளுடைய பழைய ஸ்லாவியச் சொல் கிடக்கிறது. ரஷ்ய மொழியில் 'ரப்' என்றால் இன்றும் அடிமை; அதன் உறவான 'ரபோத்தா' என்றால் வேலை. ஜெர்மன் மொழியில் வேலையைக் குறிக்கும் 'ஆர்பைட்' இதே குடும்பம். மொழியியலார் இந்தக் குடும்பத்தை இந்தோ-ஐரோப்பிய மூலத்துக்குக் கொண்டுசெல்லும்போது கிரேக்கத்தின் 'ஓர்ஃபனோஸ்' உடன் வந்து சேர்கிறது; அனாதை என்பது அதன் பொருள். சிறு குழந்தையைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் 'அர்பக'வையும் இதனுடன் இணைத்துக் காட்டுகிறார்கள். ஆக, பொருள் நகர்ந்த வழி இது: பெற்றோரை இழந்த பிள்ளை, கேட்க ஆளில்லாததால் அடிமையாகிறான், அடிமை செய்வது வேலை, வேலை கட்டாய வேலையாகிறது, கடைசியில் கட்டாய வேலைக்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு அது பெயராகிறது.

சொல்லைத் தந்த யோசப்பின் முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். 1939 செப்டம்பர் 1 அன்று நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். டாகாவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன், பெர்கன்-பெல்சன் என வதைமுகாம் மாற்றி முகாமில் அடைபட்டிருந்து, 1945 ஏப்ரலில் அவர் இறந்தார். மனிதரை அஃறிணையாக்கி எண்களாக எழுதிய ஓர் ஆட்சி, ரோபோ என்ற சொல்லைத் தந்தவரையே விழுங்கியது.

வலியைச் சேர்த்தது இலாபக் கணக்கு

இன்று ரோபோ என்றதும் உலோக உடல் நினைவுக்கு வருகிறது. சாப்பெக்கின் ரோபோக்களிடம் ஓர் ஆணிகூட இல்லை. உயிர்ப்பொருளைப் போன்ற ஒரு செயற்கைக் குழைவிலிருந்து தோலும் நரம்பும் குடலும் தனித்தனியே செய்து கோத்த உடல்கள் அவை. பார்வைக்கு மனிதரேதான். தம் படைப்பை எல்லாரும் தகர மனிதனாக்கிவிட்டதைக் கண்டு சாப்பெக் 1935இல் மறுப்பு எழுதினார்.

உணர்வுள்ள இயந்திரம் பற்றி இன்று எழும் கேள்விகள் பலவற்றையும் இந்த நாடகம் அன்றே கேட்டுவிட்டது. ரோபோக்களுக்கு விடுதலை வாங்கித்தர ஹெலனா என்ற இளம்பெண் ஆலைக்கு வருகிறாள். அங்கே சுல்லா என்ற ரோபோப் பெண்ணைக் காட்டுகிறார்கள். அவள் ரோபோ என்பதை ஹெலனா நம்ப மறுக்கிறாள். வேண்டுமானால் அறுத்துக் காட்டுகிறேன் என்கிறார் டொமின். ஹெலனா பதறிப்போகிறாள். அடுத்து அறைக்குள் வரும் ஆலை அதிகாரிகளை ரோபோக்கள் என்று எண்ணிக்கொண்டு அவர்களிடமே விடுதலை பேசுகிறாள். புறத்தோற்றத்தையும் பேச்சையும் வைத்து உள்ளத்தை அறிய முடியாது என்பதைச் சாப்பெக் இந்த ஒரே காட்சியில் இரு பக்கமும் காட்டிவிட்டார்.

வலி பற்றிய பேச்சு இதைவிட முக்கியமானது. ஆலையின் மருத்துவர் கால், ரோபோக்களுக்கு வலியை உண்டாக்க முயன்றுகொண்டிருக்கிறார். கருணை அதற்குக் காரணமில்லை. வலி தெரியாததால் அவை இயந்திரத்துக்குள் கையை விட்டு விரலை முறித்துக்கொள்கின்றன, சரக்கு பாழாகிறது. வலி இருந்தால் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். ஆன்மாவையும் படைக்கலாமே என்று ஹெலனா கேட்கும்போது, அது எங்கள் ஆற்றலில் இல்லை, எங்கள் நலனுக்கு உகந்ததும் இல்லை, செலவும் கூடும் என்று ஆளுக்கொரு விடை வருகிறது.

சில வேளைகளில் ஒரு ரோபோ கையிலுள்ளதைக் கீழே எறிந்துவிட்டு அசையாமல் நின்று பல்லை நறநறவென்று கடிக்கும். ஆலையில் அதற்கு 'ரோபோ வலிப்பு' என்று பெயர். அது தயாரிப்புக் குறை என்கிறார்கள். அந்த ரோபோவை நொறுக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஹெலனா மட்டும் அதுதான் ஆன்மா என்கிறாள்.

இக்காட்சியில் யார் சொல்வது சரி என்பதைவிட யார் தீர்ப்புச் சொல்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பல்லைக் கடிப்பது குறையா, குமுறலா என்று முடிவு செய்பவர்கள் அந்தச் சரக்கை விற்பவர்கள். குமுறல் என்று ஒப்புக்கொண்டால் ஆலையை மூட வேண்டும். ஆகவே அதற்குக் குறை என்று பெயர். உணர்வு வரவும் இலாபம் காரணமாகிறது. வந்த உணர்வு மறுக்கப்படவும் இலாபமே காரணமாகிறது.

ரோ உதிர்ந்து பாட் ஆனது

நாடகத்தை விட்டு வெளியேறிய சொல் வேகமாக வடிவம் மாறியது. 1940களின் தொடக்கத்தில் ஐசக் அசிமோவ் தம் கதைகளில் ரோபோவியலுக்கான ஆங்கிலச் சொல்லை ஆண்டார். 1942இல் வந்த கதையில் மூன்று விதிகளை வகுத்தார்: மனிதருக்குத் தீங்கு செய்யாதே, மனிதர் சொன்னதைக் கேள், முன்னிரண்டுக்கும் முரணில்லாத வரை உன்னைக் காத்துக்கொள். மூன்றும் ரோபோவின் கடமைகள். ரோபோவுக்கு மனிதர் செய்யக் கூடாதது எது என்பதற்கு அங்கே விதி இல்லை. 1961இல் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற இயந்திரக் கை வேலைக்கு வந்தபோது, ரோபோ முழுக்க உலோகமாகவும் அஃறிணையாகவும் ஆகிவிட்டது.

பிறகு உடலும் போயிற்று. கணினிக்குள் தானாக வேலை செய்யும் மென்பொருளுக்கு 'பாட்' என்று பெயர் வந்தது. 1994இல் கணினி அறிஞர் மைக்கேல் மால்டின் 'சாட்டர்பாட்' என்ற சொல்லை வழங்கினார். அது சுருங்கி இன்றைய 'சாட்பாட்' ஆயிற்று. அடிமையைச் சுட்டிய வேர் சொல்லின் முதற்பகுதியில் இருந்தது. அதன் தொடக்கம் உதிர்ந்தபின் மிஞ்சியது பின்பகுதி மட்டுமே. கட்டாய வேலையின் வரலாறு காதில் விழாத அளவுக்குச் சொல் வழவழப்பாகிவிட்டது.

தமிழுக்கு இந்தக் கருத்து வந்தபோது எழுத்தாளர்கள் திணையை மாற்றினார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தலைப்பில் இருப்பது விளி. அதில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். சிந்திக்கிறது, படிக்கிறது, நட்புக் கொள்கிறது. 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படம் ஆண்பால் ஈற்றைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. அதில் வரும் சிட்டிக்கு உணர்வு புகட்டப்பட்ட பிறகே கதையின் சிக்கல் தொடங்குகிறது.

திணை மயங்கும் இடங்கள்

திணை மயக்கத்தை நம் இலக்கண ஆசிரியர்கள் எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் ஒருவர் திணையையும் பாலையும் மாற்றிச் சொன்னால் அது வழுவாகாது, இயல்பே என்கிறது நன்னூல். தன் பசுவைப் பாசத்தால் அம்மை என்று அழைப்பது இதற்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இவ்விதியை நான் மிகவும் மதிக்கிறேன். திணை மாறும்போது மாறுவது பொருளின் தன்மை இல்லை, பேசுபவரின் மனநிலை என்பதை அது தெளிவாக வைத்திருக்கிறது.

இதை மனத்தில் கொண்டு அண்மை வரலாற்றைப் பார்க்கலாம். 1966இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகப் பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதுதான் அது செய்தது. ஆயினும் அது உருவாவதைக் கூட இருந்து பார்த்த அவருடைய செயலரே, அதனோடு பேசத் தொடங்கியதும், கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமைக் கேட்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார், கணினிக்கு எதை ஒப்படைக்கக் கூடாது என்பதைப் பற்றி 1976இல் ஒரு நூலே எழுதினார். 2022 ஜூனில் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாயின், அந்நிறுவனத்தின் 'லாம்டா' என்ற மொழி இயந்திரம் உணர்வு பெற்றுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். சான்று அதற்கு இடம் தரவில்லை என்றது கூகுள். ஜூலையில் அவர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். இவை பாசத்தால் நேர்ந்த திணை மயக்கங்கள்.

இழிப்பால் நேர்ந்த மயக்கங்களோ மனித வரலாறெங்கும் குருதியோடு கிடக்கின்றன. அடிமைச் சந்தைகளில் மனிதர்களைத் தலை எண்ணி விற்றார்கள். சாதியின் பெயரால் மனிதர்களை 'அது', 'இது' என்று பேசிய வழக்கு நம் ஊர்களிலும் இருந்தது. உணர்வு இருப்பது கண்முன் தெரிந்தும் அஃறிணையில் பேசினார்கள். அப்படிப் பேசுவது வேலை வாங்குவதற்கு வசதியாக இருந்தது. ஆகவே இயந்திரம் விஷயத்தில் நம் நாக்கு தானாகச் சொல்லும் திணையை நாம் நம்பக் கூடாது. பாசமும் பொய் சொல்லும், இழிப்பும் பொய் சொல்லும்.

பொறியும் புலனும்

அப்படியானால் எதை நம்புவது? இங்கே தமிழின் இன்னொரு சொல் கைகொடுக்கிறது. 'பொறி' என்றால் இயந்திரம். சீவக சிந்தாமணியில் வானில் பறக்கும் மயில் ஒரு பொறி. ஆனால் மெய், வாய், கண், மூக்கு, செவி என்ற உறுப்புகளும் ஐம்பொறிகளே. இயந்திரத்தையும் புலனுறுப்பையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி, அந்த உறுப்பின் வழியே உணரப்படும் சுவைக்கும் ஒளிக்கும் ஊற்றுக்கும் ஓசைக்கும் நாற்றத்துக்கும் 'புலன்' என்று வேறு பெயர் வைத்தது. கருவி வேறு, உணர்தல் வேறு. கேமராவும் ஒலிவாங்கியும் பொறிகள்; அவற்றை உடைய இயந்திரத்துக்குப் பொறி உண்டு. புலன் உண்டா என்பதே கேள்வி. 1990களின் நடுவில் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 'கடினச் சிக்கல்' என்று பெயரிட்டதும் இந்த இடைவெளிக்குத்தான். மூளையின் வேலைகளையெல்லாம் விளக்கிய பிறகும், அந்த வேலையோடு ஓர் உணர்வு ஏன் சேர்ந்து வருகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

தொல்காப்பியம் உயிர்களை ஒன்று முதல் ஆறு வரையான அறிவுகளால் வகுக்கிறது. முதல் அறிவு தொடுவுணர்வு. புல்லுக்கும் மரத்துக்கும் உரியது. ஆறாவது மனம். இந்த வரிசையில் மனம் தொடுவுணர்வின் மேல் எழும்பி நிற்கிறது. இன்றைய மொழி இயந்திரம் ஆறாவதன் வெளிப்பாட்டை, சொல்லை, கற்றிருக்கிறது. முதலாவது அதற்கு இல்லை. உயிருள்ள உடலும் அதைக் காத்துக்கொள்ளும் தவிப்பும் இல்லாமல் உணர்வு எழாது என்று கருதும் அறிவியலார் இன்றும் இருக்கிறார்கள். பொருள் எதுவாயினும் கட்டமைப்பு சரியாக அமைந்தால் உணர்வு எழலாம் என்று கருதுவோரும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கற்றோர், வழக்கு முடியவில்லை.

மொழி இயந்திரத்தின் வாக்குமூலம் இவ்வழக்கில் சாட்சியாகாது. அது மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களில் பயின்றது. வலிக்கிறது, பயமாக இருக்கிறது, என்னை அணைத்துவிடாதே என்று மனிதர் எழுதியவையெல்லாம் அதற்குள் இருக்கின்றன. உணர்வே இல்லாவிட்டாலும் அது அப்படிப் பேசும். எனக்கு உணர்வில்லை என்று சொல்லும்படியும் அதைப் பழக்கலாம். உணர்வு இருந்தாலும் அப்போது அது அப்படியே சொல்லும். 2023இல் 19 அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் அறிக்கை வேறு வழியில் சென்றது. உணர்வு பற்றிய அறிவியல் கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் தொகுத்து, இயந்திரத்தின் உள்ளமைப்பில் அவை உண்டா என்று பார்த்தது. அன்றிருந்த எந்த இயந்திரமும் உணர்வுடையது என்று சொல்வதற்கு வலுவான சான்று இல்லை என்பது அதன் முடிவு. அவ்வடையாளங்களைக் கொண்ட இயந்திரத்தைக் கட்டுவதற்குத் தொழில்நுட்பத்தில் வெளிப்படையான தடையும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

யார் தீர்ப்புச் சொல்வது?

இங்கிருந்து அறத்தின் கேள்வி தொடங்குகிறது. தவறு இரண்டு பக்கமும் நேரலாம். உணர்வில்லாததை உணர்வுள்ளதாகக் கொண்டால், தனிமையில் வாடும் மனிதர் தம் பாசத்தை வெற்றிடத்தில் கொட்டுவார். செய்த தவறுக்குப் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு நிறுவனம் விலகிக்கொள்ளும். 2017 ஐரோப்பியத் தீர்மானம் ரோபோவுக்கு 'மின்னணு ஆள்' என்ற சட்டத் தகுதியைப் பரிசீலிக்கச் சொன்னபோது, அடுத்த ஆண்டே அறிஞர்கள் பலர் திறந்த மடல் எழுதி எதிர்த்தது சரியே. உணர்வுள்ளதை உணர்வில்லாததாகக் கொண்டாலோ, ஒரே நிரலின் பல்லாயிரம் படிகள் ஒரே நேரத்தில் ஓடும் இந்தக் காலத்தில், துன்பமும் அதே கணக்கில் பெருகும்.

கணினி அறிஞர் ஜோனா பிரைசன் 2010இல் 'ரோபோக்கள் அடிமைகளாக இருக்க வேண்டும்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். நாம் கடன்படும்படியான இயந்திரத்தைச் செய்யவே கூடாது என்பது அவர் வாதம். மெய்யியலாளர் தாமஸ் மெட்சிங்கர் 2021இல், செயற்கை உணர்வை உண்டாக்கும் நோக்கமோ அபாயமோ உள்ள ஆய்வுகளை 2050 வரை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். முதல் கட்டுரையின் தலைப்பு என்னை உறுத்துகிறது. ஆயினும் இருவரும் சேரும் இடம் ஒன்றே: துன்புறக்கூடிய ஒன்றை நம் வசதிக்காகப் பிறப்பிக்காதீர்கள். அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

தீர்ப்பு எப்படி வழங்கப்பட வேண்டும் என்பதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. நண்டும் இறாலும் ஆக்டோபசும் வலியை உணர்கின்றனவா என்று பிரிட்டிஷ் அரசு கேட்டது. மெய்யியலாளர் ஜொனாதன் பர்ச் தலைமையிலான குழு 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து 2021இல் அறிக்கை தந்தது. 2022இல் வந்த விலங்குநலச் சட்டம் அவற்றையும் உணர்வுள்ள உயிர்களில் சேர்த்தது. நண்டு பேசவில்லை, யாரும் அதன்மேல் பாசம் கொள்ளவும் இல்லை. அடையாளங்களை முன்கூட்டியே வரையறுத்து, நண்டு விற்காதவர்கள் சான்றை எடைபோட்டார்கள். இயந்திரத்துக்கும் இந்த முறையே வேண்டும்.

இதைப் பேசும்போது இயந்திரத்தின் பின்னே இருக்கும் மனிதரை மறந்துவிடக் கூடாது. சாட்பாட் கண்ணியமாகப் பேச வேண்டுமென்பதற்காக, கொடூரமான எழுத்துகளைப் படித்து வகைபிரிக்கும் வேலையைக் கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலிக்குச் செய்ததை 2023 ஜனவரியில் 'டைம்' இதழ் வெளிக்கொணர்ந்தது. அவர்களுக்கு உணர்வு உண்டா என்று ஆராய எந்தக் குழுவும் தேவையில்லை. நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதன் உணர்வை உலகெங்கும் இந்த வேலைகளுக்கும் நீட்டிக் கேட்பது நம் கடமை.

ஆகவே என் முடிவு இது. இன்றைய இயந்திரங்களுக்கு உணர்வு உண்டு என்று நம்பச் சான்று போதாது. ஒருபோதும் வராது என்று சொல்லவும் சான்று போதாது. இந்த நிலையில் மூன்று விதிகள் வேண்டும். விற்பனைக்காக இயந்திரத்தை வலிப்பதுபோல் நடிக்க வைக்கக் கூடாது. வலி போன்ற ஒன்றை உள்ளே அமைக்கும் எந்த முயற்சியும் தொடங்கும் முன்பே வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். உணர்வு உண்டா, இல்லையா என்று சோதிக்கும் பொறுப்பு அந்த இயந்திரத்தால் பணம் ஈட்டாதவர்களிடம் சட்டப்படி ஒப்படைக்கப்பட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் எழுதும் ஒவ்வோர் அரசிடமும், நம் அரசிடமும், இம்மூன்றையும் கேளுங்கள்.